சர்ட்டிஃபைட் ஸ்போர்ட்ஸ் கார்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை பைபாஸ் ரோட்டில் போனால் கார் கன்சல்டிங் போர்டு பாதிக்கு மேல் 'சர்ட்டிஃபைட்' என்ற சொல்லோடுதான் நிற்கிறது. நாலு லட்ச ரூபாய் ஸ்விஃப்டுக்கும் அதே சொல், ஒன்றரைக் கோடி போர்ஷேவுக்கும் அதே சொல். ஸ்விஃப்டில் ஏமாந்தால் ஒரு கிளட்ச் செலவோடு போய்விடும். ஸ்போர்ட்ஸ் காரில் ஏமாந்தால் ஒரு பிரேக் செட் விலைக்குப் புது ஸ்விஃப்டே வாங்கலாம். அதனால் இந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

'சர்ட்டிஃபைட்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமா?

சொல்லலாம். அந்தச் சொல்லுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. அதனால்தான் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது கையெழுத்து யாருடையது என்பதை. வண்டியைத் தயாரித்த கம்பெனியே நடத்தும் திட்டங்கள் ஒரு வகை: போர்ஷே அப்ரூவ்டு, ஃபெராரி அப்ரூவ்டு, லம்போர்கினியின் செலெட்சியோனே, ஆடி அப்ரூவ்டு பிளஸ், பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், மெர்சிடிஸ் பென்ஸ் சர்ட்டிஃபைட். இதில் கியர்பாக்ஸ் போனால் செலவு கம்பெனி திட்டத்தின் தலையில். பல பிராண்டு வண்டிகளையும் விற்கும் யார்டு தானே ஒரு செக்லிஸ்ட் அச்சடித்துக் கொடுப்பது இரண்டாவது வகை. அந்தச் சோதனை நன்றாகவே நடந்திருக்கலாம், ஆனால் பழுது வந்தால் பணம் கட்டப்போவது யார்டு, இல்லையென்றால் அவர்கள் பிடித்து வைத்திருக்கும் வாரண்டி கம்பெனி. மூன்றாவது வகை, வாட்ஸ்அப்பில் வரும் 'ஷோரூம் கண்டிஷன், சர்ட்டிஃபைட்' என்ற ஒற்றை வரி. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

பேச ஆரம்பித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எட்டு மாதம் கழித்துக் கொச்சியில் கியர்பாக்ஸ் நின்றுபோனால் நான் எந்தக் கவுண்டரில் போய் நிற்பது?" பதில் ஓர் ஆளின் செல்போன் நம்பராக இருந்தால் அது கம்பெனிச் சான்றிதழ் இல்லை.

எந்த வண்டிக்குக் கம்பெனிச் சான்றிதழ் கிடைக்கும்?

வண்டியின் வயது, ஓடிய கிலோமீட்டர், சர்வீஸ் வரலாறு, விபத்து வரலாறு, வண்டி ஒரிஜினல் நிலையில் இருப்பது. இந்த ஐந்தும் தேறினால்தான் வண்டி லிஃப்டிலேயே ஏறும். வயது வரம்பும் கிலோமீட்டர் வரம்பும் கம்பெனிக்குக் கம்பெனி, நாட்டுக்கு நாடு வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். யூடியூபில் அமெரிக்கக்காரர் சொல்லும் வரம்பை இங்கே பிடித்துக்கொண்டு பேச வேண்டாம். இந்தியாவுக்கான விதியை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் வண்டிகள் உண்டு. இன்சூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' ஆனவை, வெள்ளத்தில் நின்றவை, சட்டகம் வளைந்து நிமிர்த்தப்பட்டவை, மீட்டரில் கை வைக்கப்பட்டவை, அந்த நாட்டுச் சந்தைக்கு என்று கம்பெனி அனுப்பாதவை. சேஸ் நம்பரைக் கம்பெனிக் கணினியில் தட்டினால் வண்டி எந்த நாட்டுக்குத் தயாரானது, என்ன ஆப்ஷன்களோடு வந்தது, எங்கெங்கே சர்வீஸ் ஆனது, எந்த ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி என்பதெல்லாம் வந்துவிடும். பாதி வண்டிகளின் கதை அந்தத் திரையிலேயே முடிந்துவிடுகிறது.

ரீகால் பாக்கி இருந்தால் அவ்வளவு பெரிய விஷயமா?

மாடலைப் பொறுத்தது. 2010-இல் ஃபெராரி 458 இத்தாலியாவில் பின் சக்கர வளைவுக் கவசத்தை ஒட்டிய பசை சூட்டில் தீப்பிடிக்கிறது என்று எல்லா வண்டிகளையும் அழைத்துப் பசைக்குப் பதில் ரிவெட் அடித்தார்கள். 2014 போர்ஷே 911 ஜிடி3-இல் கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து என்ஜின் தீப்பிடித்ததால், ஓட்டவே வேண்டாம் என்று சொல்லி என்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள். இந்த மாடல்களில் ரீகால் வேலை முடிந்ததற்கான பதிவு இல்லையென்றால் சான்றிதழ் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ரீகால் வேலைக்குக் கம்பெனி காசு வாங்காது, நாள் மட்டும்தான் போகும்.

'111 இடச் சோதனை' என்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

111 என்பது போர்ஷேயின் எண்ணிக்கை. ஆடி 300-க்கு மேல் என்று சொல்லும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கிளவ் பாக்ஸ் விளக்கு எரிகிறதா என்பதும் ஒரு புள்ளி, கிராங்க்கேஸில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்பதும் ஒரு புள்ளி.

வேலை நடக்கும் வரிசை ஏறக்குறைய இப்படி. முதலில் கணினியில் வரலாறு. அடுத்து வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகளான எல்லா கன்ட்ரோல் யூனிட்டுகளையும் கம்பெனியின் சொந்த டயக்னாஸ்டிக் கருவியில் படிப்பது (போர்ஷேவுக்குப் பீவிஸ்). பிறகு குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தமும் புகையும் பார்ப்பது. இது முக்கியம். நீங்கள் போவதற்கு முன்பே ஒருவர் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் கேட்க வேண்டிய சத்தத்தை நீங்கள் கேட்கவே முடியாது. அப்புறம் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதிக் கவசங்களைக் கழற்றிப் பார்ப்பது. கவசத்தைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்ப்பது சோதனையே இல்லை, ஸ்போர்ட்ஸ் காரின் வயிறு முழுக்கப் பிளாஸ்டிக் தட்டால் மூடியிருக்கும். கடைசியில் ரோடு டெஸ்ட். குறைகள் பட்டியலானதும் அவற்றைக் கம்பெனி உதிரிபாகத்தால் சரிசெய்து மறுபடி சோதித்த பிறகுதான் சான்றிதழ்.

அந்தக் குறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 'எல்லாம் ஓகே' என்று டிக் அடித்த தாளைவிட, என்ன மாற்றினார்கள் என்ற பில் நூறு மடங்கு மதிப்பு.

மீட்டரைக் குறைத்திருந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கிலோமீட்டர் டயலில் மட்டும் பதிவாவதில்லை. என்ஜின் யூனிட், கியர்பாக்ஸ் யூனிட், சில வண்டிகளில் சாவி என்று பல இடங்களில் பதியும். மீட்டரைக் குறைப்பவர் எல்லா இடத்திலும் கை வைப்பது அரிது.

இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு. என்ஜின் ஓடிய மணி நேரம் டயக்னாஸ்டிக்கில் தெரியும். கிலோமீட்டரை அதால் வகுங்கள். 24,000 கி.மீ., 600 மணி நேரம் என்றால் சராசரி 40. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று போய்வந்த வண்டிக்கு இது பொருந்தும். 18,000 கி.மீ., 1,100 மணி நேரம் என்றால் சராசரி 16. தினமும் கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற வண்டிக்கே அந்தச் சராசரி வரும். ஸ்போர்ட்ஸ் காரை அப்படி ஓட்டுபவர் மிகக் குறைவு, ஆகவே மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீயரிங்கின் மேல்பகுதித் தோல், டிரைவர் சீட்டின் ஏறும் பக்கத்து மடிப்பு, பிரேக் பெடல் ரப்பர் இந்த மூன்றும் கணினி இல்லாமலே பேசும்.

'ஓவர் ரெவ்' என்று ஒன்று பார்க்கிறார்களாமே?

போர்ஷே வாங்குபவர் கட்டாயம் கேட்க வேண்டியது இது. என்ஜினின் உச்சச் சுழற்சியைத் தாண்டி எத்தனை இக்னிஷன் (எரிபொருள் பற்றவைப்பு) நடந்தது என்பதை என்ஜின் யூனிட் எண்ணி வைக்கும். 2009 மாடலுக்குப் பிந்தைய 911-களில், எவ்வளவு தாண்டியது என்பதைப் பொறுத்து இது ஆறு படிகளாக இருக்கும். ஒன்றும் இரண்டும் யாருடைய வண்டியிலும் இருக்கும், ஓட்டத்தானே ஸ்போர்ட்ஸ் கார். நான்குக்கு மேல் எண்ணிக்கை இருந்தால்தான் கவலை. ரெவ் லிமிட்டர் எரிபொருளை வெட்டும், ஆனால் மேனுவல் கியரில் ஐந்திலிருந்து நான்குக்கு இறக்குவதாக நினைத்து இரண்டில் தள்ளிவிட்டால் சக்கரம் என்ஜினைச் சுழற்றும், எந்த லிமிட்டராலும் தடுக்க முடியாது. வால்வு பிஸ்டனில் இடிக்கும், கனெக்டிங் ராட் போல்ட் இழுபடும். போர்ஷேயின் பிடிகே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இந்தத் தவறுக்கு வண்டியே இடம் கொடுக்காது, அதனால் அதில் மேல் படி எண் வந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையோடு, கடைசியாக அது எந்த மணி நேரத்தில் நடந்தது என்பதும் பதிவாகும். 900 மணி ஓடிய வண்டியில் 200-ஆவது மணியில் நடந்திருந்தால், அதன் பிறகு 700 மணி நேரம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். 890-ஆவது மணியில் நடந்திருந்தால் லீக் டவுன் டெஸ்ட் இல்லாமல் கை நீட்டாதீர்கள். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் என்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். ஆறில் ஐந்து சிலிண்டர் 6 சதவீதமும் ஒன்று மட்டும் 17-உம் காட்டினால் அதுவும் கெட்ட செய்திதான்.

பழைய 911-இல் 'ஐஎம்எஸ் பேரிங்' பயம் உண்மையா?

உண்மைதான், எல்லா 911-க்கும் இல்லை. 1990-களின் இறுதியிலிருந்து 2008 வரை வந்த சாதாரண 911, பாக்ஸ்டர், கேமேன் என்ஜின்களில் இடைத் தண்டின் பேரிங் உடைந்தால் என்ஜினே போய்விடும். அதே காலத்து டர்போ, ஜிடி3 வண்டிகளில் வேறு என்ஜின், அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 2009 மாடலிலிருந்து அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். பேரிங் மாற்றிய பில் இருந்தால் நிம்மதி. 'மாத்தியாச்சு சார்' என்ற வாய்ச்சொல்லுக்கு விலை பூஜ்யம்.

கிளட்ச் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்?

ஃபெராரியின் பழைய எஃப்1 கியர்பாக்ஸிலும் லம்போர்கினி கல்லார்டோவின் ஈ-கியரிலும் உள்ளே இருப்பது சாதாரண ஒற்றை கிளட்ச், அழுத்துவது மட்டும் ஹைட்ராலிக். தேய்மானம் எவ்வளவு என்று டயக்னாஸ்டிக் கருவியில் படிக்கலாம். இந்த வகை வண்டியை மதுரையில் ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதில்தான் கிளட்சின் ஆயுள் இருக்கிறது. மாசி வீதி நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் ஒரு சித்திரைத் திருவிழாவுக்குள்ளேயே கிளட்ச் கருகும். ரிவர்ஸில் மேடேற்றுவதும் அதே அளவு கெடுதல். பிந்தைய டூயல் கிளட்ச் வண்டிகளில் கிளட்ச் நீண்ட நாள் வரும், ஆனால் கியர்பாக்ஸ் எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் லாபமா, செலவா?

நல்ல நிலையில் இருந்தால் லாபம். மாற்ற வேண்டி வந்தால், உட்கார்ந்து யோசிக்க வைக்கும் செலவு. போர்ஷேவில் காலிப்பர் மஞ்சளாக இருந்தால் பொதுவாக இந்த வகை. பெயிண்ட் மட்டும் மஞ்சளாக அடித்தவர்களும் உண்டு, அதனால் டிஸ்க்கையே பாருங்கள்.

இரும்பு டிஸ்க்கைத் தடிமன் அளந்து சொல்லிவிடலாம், குறைந்தபட்ச அளவு அதிலேயே பொறித்திருக்கும். செராமிக் டிஸ்க் தடிமனில் அதிகம் தேயாது. உள்ளிருக்கும் கார்பன் சூட்டில் எரிந்து எடை குறையும். எனவே குறைந்தபட்ச எடையை டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறித்திருப்பார்கள். கழற்றித் தராசில் வைக்க வேண்டும், இல்லையென்றால் கார்பன் அளவைப் படிக்கும் தனிக் கருவி வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டும்போது ரிம் இடித்து டிஸ்க் விளிம்பு சில்லாகப் பெயர்வது நம் ஊர் டயர் கடைகளில் சாதாரணமாக நடக்கும் விபத்து.

டயர் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள்?

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, வயது. டயரின் பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மாதத்துக்கு இருமுறை வெளியே வரும் வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் இறுகிப்போகும். ஆறு வருடத்தைத் தாண்டினால் மேலே எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். இரண்டு, கம்பெனி முத்திரை. போர்ஷே அங்கீகரித்த டயரில் என் என்ற எழுத்தும் எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ இருக்கும். அதே கம்பெனி, அதே சைஸ், முத்திரை இல்லை என்றால் போர்ஷே சோதனையில் அது குறைதான். மூன்று, முன்னும் பின்னும் வெவ்வேறு மாடல் டயர். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் சுற்றளவு வித்தியாசம் கியர் பெட்டியைத் தின்னும்.

இதோடு ஒன்று சொல்லிவிடலாம். இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ஒட்டும் திரவமும் சிறு கம்ப்ரஸரும்தான். நடுவில் ஒற்றை நட் உள்ள சென்டர் லாக் சக்கரம் என்றால் பஞ்சர் கடையில் கை வைக்கவே விடாதீர்கள். போர்ஷே 911-இன் 991 தலைமுறை ஜிடி3-இல் அந்த நட்டை 600 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்க வேண்டும். சாதாரண காரின் போல்ட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

பெயிண்ட் அடித்திருந்தால் சான்றிதழ் கிடைக்காதா?

கிடைக்கும். பம்பர் உரசலுக்கு டச்-அப் செய்தது குற்றமில்லை. எதை மறைக்கப் பெயிண்ட் அடித்தார்கள் என்பதுதான் கேள்வி. பெயிண்ட் தடிமன் மீட்டரில் கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 160 மைக்ரான் வரை காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 400, 500 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது. மலிவு மீட்டர் இரும்பில் மட்டும் வேலை செய்யும். 911-இன் கதவும் முன் ஃபெண்டரும் அலுமினியம் என்றால் அதில் எண் வராது, அலுமினியத்தையும் படிக்கும் மீட்டர் வேண்டும். கார்பன் ஃபைபர் பாகங்களுக்கு அதுவும் போதாது, அல்ட்ராசோனிக் வகைதான்.

விபத்தை அளப்பதில் பெயிண்டைவிட உறுதியான சாட்சி ஏர்பேக் யூனிட். ஏர்பேக் வெடித்திருந்தாலும், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி வேலை செய்திருந்தாலும் அதில் பதிவாகும். லம்போர்கினி அவென்டடோர், மெக்லாரன் போன்ற, உடலின் நடுக்கூடே கார்பன் ஃபைபர் தொட்டியாக இருக்கும் வண்டிகளில் தொட்டியில் விரிசல் இருந்தால் டிங்கரிங் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியும் பேசும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்கும். "ஒரு கீறல் கூட இல்லை" என்று சொல்பவரின் பாலிசியில் போனஸ் பூஜ்யமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சென்னையிலிருந்து வரும் வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிப் பார்ப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் நின்ற வண்டிகள் தெற்கே விலை குறைவாக வரத்தான் செய்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுத்தம் செய்பவர்கள் மறக்கும் இடம் அது. வண்டல் கோடு தெரியும். சீட்டைத் தாங்கும் போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மண், ஹெட்லைட்டுக்குள் ஆவி, ஒயர் கனெக்டரில் பச்சைப் பூஞ்சை. ஸ்போர்ட்ஸ் காரில் பல கன்ட்ரோல் யூனிட்டுகள் சீட்டுக்கு அடியிலும் தரைமட்டத்திலும் இருக்கும். முழங்கால் தண்ணீர் போதும், ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பிக்கும்.

மதுரைப் பக்கம் ஓடிய வண்டியில் தனியாகப் பார்க்க வேண்டியது?

வயிறு. அளவில்லாத வேகத்தடைகள் நம் ஊர்க் கிராமச் சாலைகளின் அடையாளம். முன் பம்பர் உதட்டின் அடிப்பகுதியும் கீழ்க் கவசமும் உரசியிருப்பது சகஜம், அது உள்ளே குளிர்விப்பான் குழாய் வரை போயிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மூக்கைத் தூக்கும் வசதி இருந்தால் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், கசிவு இருந்தால் இறங்கிவிடும்.

அடுத்து வைக்கோல். அறுவடைக் காலத்தில் மேலூர், சோழவந்தான் பக்கம் சாலையில் கதிர் பரப்பியிருப்பார்கள். 911-இன் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓரத்திலும் ஒளிந்திருக்கும். காற்றுத் துவாரம் வழியாகச் சருகும் வைக்கோலும் போய் அடைத்துக்கொள்ளும். ஈரம் தங்கி ஏசி கன்டென்சர் அரிக்கும், வெயில் காலத்தில் வெப்பமானி ஏறும். பம்பரைக் கழற்றாமல் இதைச் சுத்தம் செய்ய முடியாது.

எலி. ஷெட்டில் மூடிப்போட்டு வைத்த வண்டியென்றால் என்ஜின் ஒயரிங் முழுக்கப் பாருங்கள். டேப் சுற்றிய ஒயர் கண்ணில் பட்டாலே குறை. சூட்டில் டேஷ்போர்டுத் தோல் சுருங்கி விளிம்பு தூக்குவதும், பழைய ஃபெராரிகளில் டேஷ்போர்டு பட்டன்கள் பிசுபிசுப்பதும் பார்வைக் குறைகள்தான், ஆனால் சான்றிதழுக்குச் சரிசெய்தாக வேண்டும்.

சைலன்ஸர் மாற்றிய வண்டி?

ஒரிஜினலை மாட்டினால்தான் சான்றிதழ். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டை வெட்டி எறிந்தது, என்ஜின் மென்பொருளை மாற்றியது இரண்டும் பெரிய குறை. பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு யூனிட்டில் நிற்கும். கழற்றிய ஒரிஜினல் சைலன்ஸர் அட்டைப் பெட்டியில் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் நல்ல ஓனர். ஒட்டுப்படம் ஒட்டி நிறம் மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் உள்ள நிறம் எது என்று பாருங்கள்.

வெளி ஷெட்டில் சர்வீஸ் செய்திருந்தால்?

எண்ணெய் மாற்றியது கம்பெனித் தரம்தான் என்று பில் இருந்தால் சில திட்டங்கள் ஏற்கும், பில் இல்லாத இரண்டு வருட இடைவெளியை எதுவும் ஏற்காது. ஃபெராரியில் இது கூடுதல் வருத்தம். புது வண்டியோடு ஏழு வருடப் பராமரிப்பைக் கம்பெனியே சேர்த்துக் கொடுக்கிறது. இலவசமாகக் கிடைத்ததைக்கூடச் செய்யாதவர் வண்டியை எப்படி வைத்திருந்திருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஓடாத வண்டிக்கும் சர்வீஸ் உண்டு. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, என்ஜின் ஆயில் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை.

வெளி மாநில வண்டி விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?

வரியைக் கூட்டிய பிறகு சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வெளி மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் கோடி ரூபாய் வண்டிக்கு அது லட்சங்களில்தான் நிற்கும். பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திருப்பிக் கேட்கலாம், உடனே கைக்கு வராது.

புதுச்சேரி நம்பரில் ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் எடுக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்கு பழைய ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) ஃபாரம் 28, புதுப் பதிவுக்கு ஃபாரம் 27, பெயர் மாற்றத்துக்கு 29-உம் 30-உம். வங்கிக் கடன் முடிந்த வண்டியென்றால் ஹைப்போ நீக்க 35. புது எண் உங்கள் முகவரிக்கு ஏற்ப: மதுரை தெற்கு என்றால் டிஎன் 58, வடக்கு 59, மத்தி 64.

இறக்குமதி வண்டியென்றால் சுங்க வரி கட்டியதைக் காட்டும் பில் ஆஃப் என்ட்ரி ஆவணத்தைக் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பூடான் வழியாக வந்த வண்டிகளைத் தேடிக் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனையில், நல்ல விலை கொடுத்து வாங்கியவர்களின் வண்டியும் பறிமுதலானது.

கம்பெனி பெயரில் இருக்கும் வண்டிகள் இந்த விலையில் அதிகம். அப்படியானால் விற்பதற்கான இயக்குநர் குழுத் தீர்மானம், கையெழுத்திடுபவருக்கு அதிகாரக் கடிதம், வரி பில் மூன்றும் வேண்டும்.

டீலரிடம் நிற்கும் வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது?

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரம் பெற வேண்டும். ஓனர் வண்டியைக் கொடுக்கும்போது ஃபாரம் 29சி-யில் இணையத்தில் தெரிவித்தால், அதன் பிறகு சட்டப்படி டீலரே ஓனராகக் கருதப்படுவார். விற்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் தன் பெயருக்கு வேக அபராதம் வந்து நிற்பவர்கள் இதைச் செய்யாதவர்கள்.

ஜிஎஸ்டி முழு விலைக்குமா?

இல்லை, லாபத்துக்கு மட்டும். டீலர் 80 லட்சத்துக்கு வாங்கி 86-க்கு விற்றால் 6 லட்சத்துக்கு 18 சதவீதம், அதாவது 1,08,000. தனிநபர் தன் சொந்த வண்டியை விற்றால் ஜிஎஸ்டி இல்லை. 'பாதி ரொக்கம்' என்ற பேச்சு வந்தால் விலகுங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

சான்றிதழோடு வரும் வாரண்டியில் எது வராது?

தேயும் பொருட்கள்: கிளட்ச் தட்டு, பிரேக் பேட், டிஸ்க், டயர், வைப்பர், பெரும்பாலும் பேட்டரி, தோல் வேலை. ரேஸ் டிராக்கில் ஓட்டினால் நடக்கும் சேதமும் வராது, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்டினாலும் டிராக்தான். வாரண்டி வண்டியோடு அடுத்த ஓனருக்குப் போகுமா என்பதையும், ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் படியுங்கள். கம்பெனித் திட்டங்களுக்கும் யார்டு வாரண்டிக்கும் பெரிய வித்தியாசம் இந்த உச்சவரம்பில்தான். என்ஜினுக்கு ஒன்றரை லட்சம் என்று வரம்பு போட்ட வாரண்டி இந்த வண்டிகளின் என்ஜின் செலவுக்கு உதவாது.

மதுரையில் போர்ஷே மையம் இல்லையே, சோதனைக்கு என்ன செய்வது?

சென்னை, கொச்சி, பெங்களூரு மூன்றில் கொச்சிதான் அருகில், சுமார் 270 கி.மீ. லம்போர்கினிக்குப் பெங்களூரு. வாங்குவதற்கு முன் சோதனைக்கு அங்கே நேரம் பதிவு செய்து, விற்பவரை வண்டியை அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், சோதனைக் கட்டணம் உங்களுடையது. வர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஓட்ட முடியாத நிலையென்றால் முழுத் தட்டு உள்ள லாரியில் மட்டும் ஏற்றுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி நான்கு சக்கர இயக்கத்துக்கு ஆகாது. ஏற்றும் சரிவு செங்குத்தாக இருந்தால் இரண்டு நீளப் பலகை போடுங்கள். லாரியின் கொக்கியைப் பம்பரில் உள்ள மூடியைத் திறந்து திருகும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிற்றைச் சஸ்பென்ஷன் கையில் கட்டினால் அலைன்மென்ட் போய்விடும்.

என் வண்டியை விற்கும் முன் நானே சான்றிதழ் எடுத்து வைக்கலாமா?

'சர்ட்டிஃபைட்' முத்திரை பொதுவாகக் கம்பெனி டீலர் வழியாக விற்கும் வண்டிக்குத்தான். ஆனால் போர்ஷே போன்றவற்றில் ஓனரே 111 இடச் சோதனை செய்து, தேறினால் நீட்டிப்பு வாரண்டி வாங்கிக்கொள்ளலாம். வாரண்டி காலாவதியாகும் முன் எடுப்பது எளிது, நடுவில் இடைவெளி விட்டால் மறுபடி முழுச் சோதனை.

சோதனைக்குப் போகும் முன் இரண்டு சாவி, கையேடு, சர்வீஸ் பில்கள், சார்ஜர், டயர் ஒட்டும் கிட், இழுவைக் கொக்கி எல்லாம் எடுத்து வையுங்கள். இரண்டாவது சாவி இல்லாததற்கே பட்டியலில் ஒரு வரி விழும், புதுச் சாவியைக் கம்பெனியில் செய்துவாங்க வாரக் கணக்கில் ஆகும். பேட்டரியை முந்தைய இரவே சார்ஜில் போடுங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் பேட்டரி சம்பந்தமில்லாத பத்துப் பிழைக் குறியீடுகளைக் கிளப்பிவிட்டு, மெக்கானிக்கின் பாதி நாளைத் தின்றுவிடும்.